நெட்வொர்க் பக்கம் திறந்ததும் மூடிக்கொள்கிறதா? ஃபார்மட்டுக்கு அவசரப்படாதீர்கள்

கேள்வி: செந்தூலில் குடியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ரவாங், காஜாங் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கூகள் மீட் வழியாகத் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். கணினி, மறைந்த என் கணவர் வாங்கிய டெஸ்க்டாப். விண்டோஸ் 10 ஆக இருந்ததை அண்ணன் மகன் 11க்கு மாற்றிக் கொடுத்தான். வைஃபைக்காக யுஎஸ்பியில் ஒரு டாங்கிள் செருகியிருக்கிறது. போன மாதம் இன்டர்நெட் கம்பெனியிலிருந்து வந்து ரௌட்டரை மாற்றிவிட்டுப் போனார்கள். புது வைஃபை பெயரைப் போடலாம் என்று செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கத்தைத் தொட்டால், ஒரு விநாடி திறக்கிறது, உடனே ஜன்னல் முழுவதும் மூடிக்கொள்கிறது. மற்ற பக்கங்கள் ஒழுங்காகத் திறக்கின்றன. பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன் விளையாட்டுக்காக ஏதோ இலவச விபிஎன் போட்டு, அப்புறம் எடுத்துவிட்டதாகச் சொன்னான். இப்போதைக்கு ஹாலிலிருந்து அறைக்குக் கேபிள் இழுத்து வகுப்பு நடத்துகிறேன். அதில் இன்டர்நெட் வருகிறது. கடையில் கேட்டால் ஃபார்மட் செய்தால்தான் சரியாகும் என்கிறார்கள். கணவர் எடுத்த படங்களும் என் பாடக் குறிப்புகளும் அதில்தான் இருக்கின்றன. ஃபார்மட் செய்துதான் ஆக வேண்டுமா?

பதில்:

வணக்கம் டீச்சர். நீங்கள் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன்: வேண்டாம். அதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கேபிள் செருகினால் இன்டர்நெட் வருகிறது, வகுப்பு நடக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் விண்டோஸின் நெட்வொர்க் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. விழுவது அதைக் காட்டும் பக்கம் மட்டும்.

அந்தப் பக்கம் என்ன செய்கிறது என்பது தெரிந்தால் பாதி பயம் போய்விடும். நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பக்கத்துக்கென்று சொந்தமாக எந்தத் தகவலும் கிடையாது. நீங்கள் அதைத் தொட்டதும், வைஃபை அட்டை எது, கேபிள் செருகியிருக்கிறதா, விபிஎன் இருக்கிறதா, பிராக்ஸி என்ற இடைத்தரகு சர்வர் போட்டிருக்கிறதா, ஹாட்ஸ்பாட் நிலை என்ன, இதுவரை எவ்வளவு டேட்டா ஓடியது என்று உள்ளே இருக்கும் ஒவ்வொரு பகுதியிடமும் கேட்டு, வரும் பதில்களை ஒரே திரையில் அடுக்கிக் காட்டுகிறது. நீங்கள் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தது போலத்தான். ஒரு பெயருக்கு மட்டும் தாறுமாறான பதில் வந்தால், அதை ஒதுக்கிவிட்டு அடுத்த பெயருக்குப் போக உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்துக்குத் தெரியாது. அந்த இடத்திலேயே விழுந்துவிடும், ஜன்னலும் சேர்ந்து மூடிக்கொள்ளும். ஆகவே நாம் தேடுவது தாறுமாறாகப் பதில் சொல்லும் அந்த ஒரு பகுதியை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு இரண்டின் மேல் சந்தேகம் வந்தது. ஒன்று, பேரன் போட்டு எடுத்த விபிஎன், அதாவது இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் செயலி. மற்றது, அந்த யுஎஸ்பி டாங்கிள்.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஃபார்மட் செய்தால் இது சரியாகத்தான் செய்யும். எல்லாவற்றையும் அழித்தால் கோளாறான பகுதியும் சேர்ந்து போய்விடும் அல்லவா? கடைக்கும் அது நேரம் தெரிந்த வேலை. கோளாறைத் தேடுவது எவ்வளவு இழுக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் அழிக்கப்போவது உங்கள் கணவரின் படங்களை. அந்தப் படங்களுக்காகக் கொஞ்சம் பொறுமையாகத் தேடலாம்.

எதிலும் கை வைக்கும் முன், வெளியே செருகும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் படங்களையும் பாடக் குறிப்புகளையும் காப்பி எடுத்துவிடுங்கள். நான் சொல்லப்போகும் எதுவும் அவற்றைத் தொடாது. இருந்தாலும் பழைய டெஸ்க்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கை நம்பி ஒரே ஒரு பிரதி வைத்திருப்பது சரியில்லை. காப்பி எடுத்ததும் நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்பியை நான் காப்பியாகக் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, முதலில் அந்தக் கேபிளை ஹாலிலிருந்து அகற்றுவோம். நடக்கும் வழியில் கேபிள் கிடப்பது உங்கள் வயதில் ஆபத்து. வைஃபையைத் திரும்பப் பெற அந்தப் பக்கமே தேவையில்லை. இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, டாஸ்க்பாரின் வலது மூலை. வைஃபை, ஸ்பீக்கர் படங்கள் இருக்கும் இடத்தைத் தொட்டால் சின்னப் பெட்டி ஒன்று எழும். அதில் வைஃபை பொத்தானை ஒட்டி ஓர் அம்புக்குறி இருக்கும். அதைத் தொட்டால் சுற்றிலும் இருக்கும் வைஃபை பெயர்கள் வரும். உங்கள் புதுப் பெயரைத் தேர்ந்தெடுத்து, ரௌட்டரின் அடியிலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டைப் போடுங்கள். இது செட்டிங்ஸ் ஜன்னலைத் திறக்காமலே நடக்கும். அந்தப் பட்டியலின் கீழே கூடுதல் வைஃபை செட்டிங்ஸ் என்று வருவதை மட்டும் தொடாதீர்கள். அது மறுபடியும் விழும் பக்கத்துக்கே கொண்டுபோகும்.

இரண்டாவது வழிதான் எனக்கு அதிகம் பிடித்தது. ரௌட்டர் மாற்றும்போது இதைச் செய்தால் வீட்டில் யாருக்குமே தலைவலி வராது. புது ரௌட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே வைத்துவிடுங்கள். கணினி பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் ஞாபகம் வைத்திருக்கிறது. அதே பெயர் காற்றில் வந்தால், ரௌட்டர் மாறியதைப் பற்றிக் கவலைப்படாமல் தானாகச் சேர்ந்துகொள்ளும். உங்கள் கைப்பேசி, டிவி, வாசலில் கேமரா இருந்தால் அதுவும் அப்படித்தான். கைப்பேசியை இப்போதைய புது வைஃபையில் இணைத்துக்கொண்டு, ரௌட்டர் ஸ்டிக்கரில் இருக்கும் முகவரியை பிரவுசரில் போட்டால் ரௌட்டரின் உள்பக்கம் திறக்கும். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று இருக்கும். உள்ளே போவதற்கான பாஸ்வேர்டும் அதே ஸ்டிக்கரில் இருக்கும். சில ரௌட்டர்களுக்குக் கைப்பேசிச் செயலியே உண்டு.

இதில் மூன்று விஷயம் கவனம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து உட்பட பெயர் அச்சு அசலாக அதேதான் இருக்க வேண்டும். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைக்காமல், டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த வகையை வையுங்கள். பழைய டாங்கிள்கள் பலவற்றுக்கு டபிள்யூபிஏ3 புரியாது. அப்புறம், விலை குறைந்த பழைய டாங்கிள்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். ரௌட்டர் அதை அணைத்து வைத்திருந்தால், பெயரைச் சரியாகவே வைத்திருந்தாலும் உங்கள் கணினிக்கு அந்தப் பெயர் கண்ணில் படாது. பழைய பாஸ்வேர்ட் மறந்துவிட்டதென்றால், முன்பு அதில் இணைந்திருந்த ஆண்ட்ராய்டு கைப்பேசியின் சேமித்த வைஃபை பட்டியலில் அந்தப் பெயரைத் தொட்டு, ஷேர் கொடுத்துப் பாருங்கள். பல கைப்பேசிகளில் க்யூஆர் படத்துக்குக் கீழே பாஸ்வேர்ட் எழுத்தில் தெரியும்.

வகுப்பு தடையில்லாமல் நடக்க ஏற்பாடு ஆகிவிட்டது. இனி நிதானமாகக் கோளாறுக்கு வருவோம்.

கணினியை ரீஸ்டார்ட் செய்தீர்களா? தினமும் ஷட் டவுன் செய்துதானே வைக்கிறேன் என்பீர்கள். இரண்டும் ஒன்றில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி செயலில் இருக்கும் கணினிகளில், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் உள்பகுதியை டிஸ்க்கில் அப்படியே எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்து எழுந்துகொள்கிறது. ஒரு கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் சின்ன மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். நேற்று சிக்கிப்போன டிரைவர் இன்றும் சிக்கியபடியே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏற்றப்படும். ஆகவே முதல் வேலை ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட். வந்ததும் நெட்வொர்க் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள்.

இன்னும் விழுகிறதென்றால், டாங்கிளைக் கழற்றிவிட்டு, கேபிளை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி ரீஸ்டார்ட் செய்து பக்கத்தைத் திறங்கள். எவ்வளவு சுலபமான சோதனை, ஆனால் எத்தனையோ பேர் இதைச் செய்யாமலே கடைக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். டாங்கிள் இல்லாதபோது பக்கம் நன்றாகத் திறந்து, செருகியதும் விழுந்தால் விடை கிடைத்துவிட்டது: டாங்கிளின் டிரைவர். விண்டோஸ் 10லிருந்து 11க்கு மாற்றும்போது பழைய டிரைவர்கள் அப்படியே கூடவே வருவது வழக்கம் என்பதால், இதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அப்படியானால் ஸ்டார்ட் பொத்தான் மேல் வலது கிளிக் செய்து, டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன் கீழ் டாங்கிளின் பெயர் இருக்கும். அதன் பிராப்பர்ட்டீஸில் டிரைவர் என்ற பகுதிக்குப் போய், ரோல் பேக் டிரைவர் பொத்தான் அழுத்தும்படி இருந்தால் அதை முதலில் முயலுங்கள். மங்கலாக இருந்தால் அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுங்கள். கேட்கும் சின்னப் பெட்டியில் டிரைவரையும் நீக்கு என்ற கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். டிக் போடாவிட்டால் அதே டிரைவர் திரும்ப உட்கார்ந்துகொள்ளும். பிறகு டாங்கிளைக் கழற்றி, ரீஸ்டார்ட் செய்து, கேபிள் இணைப்பு இருக்கும்போதே மறுபடி செருகுங்கள். விண்டோஸ் தனக்குத் தெரிந்த டிரைவரைத் தேடிப் போட்டுக்கொள்ளும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து நீங்களே எடுப்பதானால், டாங்கிள் ஸ்டிக்கரில் மாடல் பெயருக்கு அருகில் இருக்கும் பதிப்பு எண்ணையும் பாருங்கள். ஒரே மாடல் பெயரில் முதல் பதிப்புக்குள் ஒரு சிப்பும் அடுத்த பதிப்புக்குள் வேறு சிப்பும் இருப்பது உண்டு. ஒன்றின் டிரைவர் மற்றதற்குப் பொருந்தாது.

டாங்கிளைக் கழற்றியும் விழுகிறதா? அப்போது விபிஎன் பக்கம் திரும்ப வேண்டும். பேரனைத் திட்ட வேண்டாம் டீச்சர், அவன் நீக்கியதாகச் சொன்னது உண்மையாகவே இருக்கும். விபிஎன் போடும்போது அது கணினிக்குள் ஒரு போலி நெட்வொர்க் அட்டையை உண்டாக்கும். செயலியை நீக்கினாலும் சில சமயம் அந்த அட்டை நின்றுவிடும். இலவசமாகக் கிடைப்பவற்றில் பல சரியாகத் துடைத்துவிட்டுப் போவதில்லை.

இதைத் தேடுவதற்கு முன், எப்போது ஆரம்பித்தது என்பதைக் கணினியிடமே கேட்டுவிடலாம். பலருக்குத் தெரியாத ஒரு பக்கம் விண்டோஸில் இருக்கிறது. ஸ்டார்ட் தேடலில் ரிலயபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால், வியூ ரிலயபிலிட்டி ஹிஸ்டரி என்று வரும். திறந்தால் நாள்காட்டி போல ஒரு வரைபடம். எந்த நாளில் எது விழுந்ததோ அங்கே சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி இருக்கும். எந்த நாளில் எது போடப்பட்டதோ, நீக்கப்பட்டதோ, அப்டேட் ஆனதோ அங்கே நீல வட்டம் இருக்கும். செட்டிங்ஸ் என்ற பெயரில் வரும் முதல் சிவப்புக் குறியைக் கண்டுபிடியுங்கள். அந்த நாளுக்கோ அதற்கு முந்தைய நாட்களுக்கோ உரிய நீலக் குறிகளைத் தொட்டால் கீழே பட்டியல் விரியும். பேரன் வந்திருந்த தேதியா, ரௌட்டர் மாற்றிய தேதியா, விண்டோஸ் அப்டேட் வந்த தேதியா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். யாருடைய ஞாபகத்தையும் நம்பத் தேவையில்லை.

அதே பட்டியலில் சிவப்புக் குறிக்கு உரிய வரியை இருமுறை கிளிக் செய்தால் விவரம் வரும். ஃபால்ட் மாட்யூல் நேம் என்ற வரியில் இருக்கும் கோப்பின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அது என்டிடிஎல்எல் என்றோ கெர்னல்பேஸ் என்றோ இருந்தால் அதிகம் சொல்வதற்கில்லை. அவை விண்டோஸின் அடித்தளக் கோப்புகள், எது விழுந்தாலும் பழி அங்கே போய் நிற்கும். வேறு ஏதாவது பெயர், முக்கியமாக விபிஎன் பெயரையோ வைஃபை சிப் பெயரையோ ஒட்டிய பெயர் இருந்தால், அது கையும் களவுமாகப் பிடித்ததற்குச் சமம்.

இன்னொரு சோதனையும் எனக்குப் பிடித்தமானது. நெட்வொர்க் பக்கத்தின் உள்பக்கங்களுக்கு முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை. ஸ்டார்ட் தேடலில் வைஃபை செட்டிங்ஸ், விபிஎன் செட்டிங்ஸ், பிராக்ஸி செட்டிங்ஸ் என்று தனித்தனியாகத் தட்டித் திறந்து பாருங்கள். மூன்றில் இரண்டு திறந்து, ஒன்று மட்டும் விழுந்தால் கோளாறு எங்கே என்பது தெரிந்துபோகும். பிராக்ஸி பக்கம் திறந்தால், அங்கே பிராக்ஸி சர்வர் பயன்படுத்து என்பது ஆனில் இருக்கிறதா என்றும் பார்த்து, இருந்தால் ஆஃப் செய்துவிடுங்கள். விபிஎன்கள் விட்டுப்போகும் மிச்சங்களில் அதுவும் ஒன்று.

இப்போது அந்தப் போலி அட்டையை எடுக்கும் வேலை. டிவைஸ் மேனேஜரில் மேலே வியூ மெனுவைத் திறந்து, ஷோ ஹிடன் டிவைசஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் பட்டியல் திடீரென்று நீளமாகும், பயப்படாதீர்கள். டபிள்யூஏஎன் மினிபோர்ட் என்று தொடங்கும் பல வரிகளும், மைக்ரோசாஃப்ட் என்று தொடங்குபவையும் விண்டோஸுக்குச் சொந்தமானவை. அவற்றைத் தொடவே கூடாது. நீங்கள் தேடுவது டேப், வின்டன், வயர்கார்ட், ஓபன்விபிஎன் போன்ற பெயர்களையும், பேரன் போட்ட செயலியின் பெயரையும். அவனிடமே வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுங்கள், பெயர் தெரிந்தால் தேடல் சுலபம். கண்டால் வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுங்கள். முன்பு எப்போதோ பயன்படுத்திய பழைய டாங்கிள்களும் மங்கலாகத் தெரியலாம். அவை இனி வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம், இருந்தாலும் பெரும்பாலும் தொந்தரவு இல்லை.

அப்புறம் ஒரு மூலை பாக்கி இருக்கிறது. ஸ்டார்ட் தேடலில் வியூ நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் என்று தட்டினால் பழைய கன்ட்ரோல் பேனல் காலத்து ஜன்னல் திறக்கும். புது செட்டிங்ஸ் விழுந்தாலும் இது பெரும்பாலும் விழாது, அதனால் இந்த வழியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஈதர்நெட் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால், டிக் போட்ட வரிகளாக ஒரு பட்டியல் தெரியும். அதில் பழைய விபிஎன் பெயரிலோ, எப்போதோ நீக்கிய ஆன்டிவைரஸ் பெயரிலோ ஒரு வரி ஒட்டிக்கொண்டிருந்தால், அதைத் தேர்ந்தெடுத்து அன்இன்ஸ்டால் கொடுங்கள். புரியாத பெயர் என்பதற்காக மட்டும் எதையும் எடுக்க வேண்டாம். சந்தேகமாக இருந்தால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். முடித்ததும் ரீஸ்டார்ட்.

என் கணிப்பு, இந்த இடத்துக்குள் உங்கள் பக்கம் திறந்துவிடும். திறக்கவில்லையென்றால், கோளாறு கணினி முழுவதிலும் இருக்கிறதா, உங்கள் கணக்கில் மட்டும்தானா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பக்கம் உங்களுக்குத் திறக்கும். அங்கே அதர் யூசர்ஸ் என்பதில் ஒரு புதுப் பயனரைச் சேருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்டால், இவருடைய விவரம் என்னிடம் இல்லை, மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர் என்ற வழியைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் புதுப் பெயரில் உள்ளே போய் நெட்வொர்க் பக்கத்தைத் தொடுங்கள். அங்கே திறந்தால் விண்டோஸ் நலமாக இருக்கிறது, உங்கள் கணக்கின் குறிப்புகளில்தான் ஏதோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதற்கு மருந்து எளிது. உங்கள் பெயருக்குத் திரும்பி வந்து, ஸ்டார்ட் தேடலில் செட்டிங்ஸ் என்று தட்டி, வரும் பெயர் மேல் வலது கிளிக் செய்து ஆப் செட்டிங்ஸ் போங்கள். கொஞ்சம் கீழே ரிப்பேர், ரீசெட் என்று இரண்டு பொத்தான் இருக்கும். முதலில் ரிப்பேர், அது போதாவிட்டால் ரீசெட். இது செட்டிங்ஸ் என்ற செயலியைத்தான் புதுப்பிக்கிறது, உங்கள் கோப்புகளைத் தொடாது. இரண்டுக்குப் பிறகும் விபிஎன் பக்கம் மட்டும் விழுந்தால், விபிஎன் பட்டியல் எழுதப்பட்டிருக்கும் ராஸ்போன் என்ற சின்னக் கோப்பு கெட்டிருக்கலாம். உங்கள் கணக்கின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ரோமிங், மைக்ரோசாஃப்ட், நெட்வொர்க், கனெக்‌ஷன்ஸ், பிபிகே என்று உள்ளே உள்ளே போனால் கிடைக்கும். அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். வீட்டில் விபிஎன் தேவைப்படாத உங்களுக்கு அதனால் இழப்பு எதுவும் இல்லை.

புதுப் பயனரிலும் விழுகிறதென்றால் விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கலாம். ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து டெர்மினல் அட்மின் திறந்து, எஸ்எஃப்சி என்று மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, முன்பக்கம் சாய்ந்த கோடு, அதை ஒட்டி ஸ்கேன்நவ் என்று சேர்த்துத் தட்டி (sfc /scannow) என்டர் கொடுங்கள். நூறு சதவீதம் வரும்வரை ஜன்னலை மூடாதீர்கள். கெட்ட கோப்புகளைச் சரி செய்தேன் என்று சொன்னால் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

நெட்வொர்க் ரீசெட்டைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பலரும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறார்கள். நான் வேண்டுமென்றே இவ்வளவு தள்ளி வைத்திருக்கிறேன். அது எல்லா நெட்வொர்க் அட்டைகளையும் நீக்கிவிட்டு, ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மறுபடி போடும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும், யாராவது கையால் போட்டிருந்த ஐபி முகவரியும் போய்விடும். அதற்கு முன்பு பாஸ்வேர்டை எழுதி வைத்திருக்க வேண்டும். பிரின்டர் நெட்வொர்க் வழியாக இணைந்திருந்தால் அதையும் மறுபடி பார்க்க வேண்டிவரலாம். ஆனாலும் ஃபார்மட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஸ்டார்ட் தேடலில் நெட்வொர்க் ரீசெட் என்று தட்டினால், விழும் பக்கத்தைத் தொடாமல் நேராக அங்கே போகலாம். பொத்தானை அழுத்தியதும் சில நிமிடத்தில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும் என்பதால், வகுப்பு இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

இத்தனைக்கும் மசியவில்லையென்றால்கூட ஃபார்மட்டுக்கு முன் ஒரு படி இருக்கிறது. விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று போனால், விண்டோஸ் அப்டேட் மூலம் பிரச்சினைகளைச் சரி செய் என்ற வரியில் ரீஇன்ஸ்டால் நவ் என்று பொத்தான் இருக்கும். இது விண்டோஸை இருக்கும் இடத்திலேயே மறுபடி போடும். உங்கள் படங்கள், கோப்புகள், செயலிகள், செட்டிங்ஸ் எல்லாம் அப்படியே இருக்கும். சில ஜிபி இறங்கும், வேலை முடியக் கணிசமான நேரமாகும். டாங்கிளை நம்பாமல் கேபிளில் வைத்துச் செய்யுங்கள். கோலாலம்பூரில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அதனால் காலையில் ஆரம்பித்துவிடுவது நல்லது. நடுவில் கரன்ட் போகக் கூடாத வேலை இது.

அதே பக்கத்தில் ரீசெட் திஸ் பிசி என்று இன்னொன்று இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் கீப் மை ஃபைல்ஸ் கொடுத்தால் படங்கள் இருக்கும், ஆனால் நீங்கள் போட்ட செயலிகள் எல்லாம் போய்விடும்.

இதே தொல்லை விண்டோஸ் 10 கணினியில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை அங்கேயும் பொருந்தும், ரெகவரியில் இருக்கும் ரீஇன்ஸ்டால் பொத்தான் மட்டும் கிடைக்காது. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. வங்கி வேலையும் வருமான வரி இ-ஃபைலிங்கும் செய்யும் கணினியாக இருந்தால் 11க்கு மாறுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

டீச்சர், கோபமாகவே ஒன்று சொல்கிறேன். இந்தக் கோளாறை இணையத்தில் தேடினால், ஒரே கிளிக்கில் எல்லாவற்றையும் சரி செய்யும் என்று மென்பொருள்கள் வரும். டிரைவர் அப்டேட்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்று பெயர் இருக்கும். எதையும் இறக்காதீர்கள். இலவச ஆலோசனை என்று தொலைபேசி எண்ணும் வரும். அழைத்தால், உங்கள் திரையைத் தூரத்திலிருந்தே பார்க்க அனுமதி கேட்பார்கள், பிறகு கட்டணம் கட்ட வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொல்வார்கள். தனியாக இருக்கும் மூத்தவர்களைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட்டிலிருந்து யாரும் தாங்களாக உங்களை அழைக்க மாட்டார்கள். ஏற்கெனவே யாராவது அப்படி ஏமாந்து பணம் போயிருந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையும் உங்கள் வங்கியையும் அழையுங்கள்.

கடைசியில் டாங்கிள்தான் குற்றவாளி, புது டிரைவரும் ஒத்துவரவில்லை என்று தெரிந்தால், கணினியை விட்டுவிட்டு டாங்கிளை மட்டும் மாற்றுங்கள். செந்தூலில் எல்ஆர்டி ஏறி ஹங் துவாவில் இறங்கி, மோனோரயில் மாறினால் இம்பி வந்துவிடும். அங்கிருந்து கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசா நடக்கும் தூரம்தான். டெஸ்க்டாப்பைச் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை. வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: விண்டோஸ் 11 இதை டிரைவர் தனியாகப் போடாமலே ஏற்றுக்கொள்ளுமா, 2.4, 5 இரண்டு அலைவரிசையும் பிடிக்குமா, டபிள்யூபிஏ3 உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் வாங்கலாம்.

கடையில் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், ஃபார்மட் வேண்டாம், கோப்புகளும் செயலிகளும் இருக்க விண்டோஸ் ரிப்பேர் இன்ஸ்டால் மட்டும் செய்யுங்கள் என்று எழுதியே கொடுங்கள். கொடுப்பதற்கு முன் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில், டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் வசதியின் ரெகவரி கீ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த 48 இலக்க எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 உள்ள சில கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். கடையில் டிஸ்க்கைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டினால் அந்த எண் இல்லாமல் படங்களைத் திறக்க முடியாது.

எங்காவது நின்றுவிட்டால் மறுபடி எழுதுங்கள். டாங்கிள் இல்லாதபோது பக்கம் திறந்ததா, புதுப் பயனரில் திறந்ததா, ரிலயபிலிட்டி பக்கத்தில் முதல் சிவப்புக் குறி எந்தத் தேதி, ஃபால்ட் மாட்யூல் பெயர் என்ன என்ற நான்கும் கடிதத்தில் இருந்தால், அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும்.